கம்பெனி மூக்கு

“உன் மூக்கு இன்னா சொல்லுது மித்ரா?”

“எல்லாம் நல்லாக் கீதுன்னு சொல்லுது.”

“அப்புறம் ஏன் எனக்குத் தலை இப்படிப் பொளக்குது?”

“வேலைக்குப் போற ஆம்பளைங்க எல்லாருக்கும் தலை வலிக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் வலிக்காது. போ, போய்ப் பல்ல வெளக்கு.”

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒக்கலிபுரத்து ஒற்றை அறை வீட்டில் நடந்த பேச்சு. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த உத்தமன், மனைவி சொன்னதைக் கேட்டுச் சிரித்தான். சங்கமித்ராவும் சிரித்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. எதற்கெடுத்தாலும் கேலி பேசிக்கொள்கிற காலம். அவனுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, தலையை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் அமுக்கிவிட்டதும் உண்மை. ஆனால் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. பஸ்ஸில் நிற்கும்போதும், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதும் அது திரும்பத் திரும்ப வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் வலிக்கவில்லை?

டிசம்பர் மாதத்து ஒரு திங்கட்கிழமை. பீன்யா தொழிற்பேட்டையில் காலை ஐந்தே முக்காலுக்கு இருட்டு இன்னும் பிரியவில்லை. வெளியே பல்லைக் கிட்டவைக்கும் குளிர். பட்டறைக்குள் நுழைந்தால் முகத்தில் அனல். இரும்புப் பல்சக்கரங்களைப் பழுக்கக் காய்ச்சிக் கடினமாக்கித் தரும் கம்பெனி அது. கிணறு மாதிரி தரைக்குள் இறங்கிய மூன்று உலைகள். உத்தமன் மூன்றாம் உலையின் மூடியைத் தள்ளியதும் ஆளுயரத்துக்குத் தீ எழும்பி அடங்கியது. மஞ்சுநாத் சங்கிலியை இழுக்க, பல்சக்கரங்கள் அடுக்கிய நானூறு கிலோ கூடை செக்கச்செவேலென்று மேலே வந்தது. இருவரும் அதைத் தள்ளிக்கொண்டுபோய் எண்ணெய்த் தொட்டியில் இறக்கினார்கள். தொட்டி சீறியது. எண்ணெய்ப் புகை தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. இருவர் பனியனும் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தன.

“வந்துட்டாங்கப்பா மூக்கு டாக்டரு,” என்றான் மஞ்சுநாத், உள்ளே நுழைந்த சங்கமித்ராவைப் பார்த்து, நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. பட்டறைத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் அவன்தான். “பாத்து மேடம், நம்ம கம்பெனி மூக்குக்கு ஜலதோஷம் புடிச்சிருக்கப் போவுது.”

இரும்பைக் கடினமாக்குவதற்காக உலைக்குள் விடுகிற வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மனிதன் மூக்குக்கு அகப்படாத அந்த விஷத்தைக் கண்டுபிடிப்பதற்காகத் தூண்களில் நான்கு சென்சார்கள் மாட்டியிருந்தார்கள். தொழிலாளிகள் அவற்றுக்கு வைத்த பெயர் மூக்கு. நான்கு மூக்கும் முகர்ந்து சொல்வதை வாசல் பக்கத்துப் பேனல் எண்ணாகக் காட்டும். காற்றில் விஷம் பத்து லட்சத்தில் முப்பத்தைந்து பங்கைத் தாண்டினால் மஞ்சள் விளக்கு எரியும். ஷட்டரைத் தூக்க வேண்டும். நூறைத் தாண்டினால் சைரன் அடிக்கும், வாயு தானாக நிற்கும். எல்லோரும் வெளியேற வேண்டும்.

வாரம் ஒருமுறை அந்த மூக்குகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது சங்கமித்ராவின் வேலை. பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமா படித்தவள் அவள். முதலில் சுத்தமான காற்றைக் காட்டி, “இதுதான் பூஜ்யம்” என்று சொல்ல வேண்டும். பிறகு அளவு தெரிந்த விஷவாயுவைச் சின்ன சிலிண்டரிலிருந்து காட்டி, “இதுதான் இத்தனை” என்று சொல்ல வேண்டும். இரண்டையும் கற்றுக்கொண்ட மூக்கு அந்த வாரம் முழுக்க அதை வைத்துத்தான் கணக்குப் போடும்.

சுத்தமான காற்றுக்கும் ஒரு சிலிண்டர் இருந்தது. செப்டம்பரில் அது தீர்ந்துபோனது. வேறு வாங்கச் சொல்லிக் கேட்டபோது வொர்க்ஸ் மேனேஜர் ரகுராம் வாய்விட்டுச் சிரித்தார். “காத்தை விலைக்கு வாங்கணும்னு பர்ச்சேஸ்ல போய் எப்படிம்மா சொல்றது? விடியக்காலைக் காத்தைவிடச் சுத்தமான காத்து உண்டா? பாதி மல்லேஸ்வரம் அதுக்குத்தானே மஃப்ளர் கட்டிக்கிட்டு வாக்கிங் போகுது! காலையில வந்து, இருக்கிற காத்தையே பூஜ்யமா வச்சுட்டுப் போ.”

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. விடியற்காலைக் காற்று உடம்புக்கு நல்லது என்பதைச் சந்தேகிக்கிற ஆள் அந்த ஊரில் யார்? அக்டோபரில் ஒருநாள் வாடிக்கைக் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வந்தபோது மஞ்சள் விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்து மானத்தை வாங்கியது. அன்றைக்கு மாலையே, முப்பத்தைந்தை எழுபதாக்கு, நூறை இருநூறாக்கு என்றார் ரகுராம். திருப்புளியால் ஸ்க்ரூவைத் திருப்பியது அவள் கைதான். அதற்குப் பிறகு விளக்கு எரியவில்லை. வாரா வாரம் தாளில் ‘சரியாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்றும் நான்கு மூக்குக்கும் பட்டறைக் காற்றைக் காட்டிப் பூஜ்யம் வைத்துவிட்டு, பின்கட்டில் இருக்கும் தன் லேப் அறைக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் ஒரு மீட்டரை மாட்டுவதற்காக மறுபடி பட்டறைக்கு வந்தாள். வெயில் ஏறியிருந்ததால் ஷட்டர்களை மேலே தூக்கியிருந்தார்கள். பேனலுக்குப் பக்கத்தில் பாஞ்சாலி சலவைச் சோடாத் தண்ணீரில் பல்சக்கரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒக்கலிபுரத்தில் இரண்டு தெரு தள்ளி இருப்பவள்.

“ஏம்மா மித்ரா, இந்த நம்பருக்கு முன்னாடி கோடு போட்டுக் கீதே, அது இன்னாத்துக்கு?”

“எந்தக் கோடுக்கா?”

“தோ பாரு. தெனம் மத்தியானம் ஷட்டரைத் தூக்கினா கோடு போட்டு நாப்பதுங்குது. எலக்ட்ரீசியன் வந்து ஒரு தட்டுத் தட்டினு போறாரு.”

சங்கமித்ரா திரும்பிப் பார்த்தாள். “அது மைனஸுக்கா. பூஜ்யத்துக்கும் கீழ.”

“பூஜ்யத்துக்குக் கீழ இன்னா கீது?” பாஞ்சாலி சிரித்தாள். “ஒண்ணுமே இல்லாததைவிடக் கம்மியா எப்டிம்மா இருக்கும்?”

சங்கமித்ரா மீட்டரைக் கீழே வைத்தாள். ஷட்டர் திறந்து உண்மையான சுத்தக் காற்று வந்தால் மூக்கு மைனஸ் நாற்பது என்கிறது. அப்படியானால் காலையில் எதைப் பூஜ்யம் என்று கற்றுக்கொடுத்தாள்? டிசம்பர் குளிருக்கு ராத்திரி முழுக்க ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள். மூன்று உலையும் விடிய விடிய மூச்சுவிடுகின்றன. ஊருக்கெல்லாம் சுத்தமாக இருக்கும் விடியற்காலைக் காற்று, இந்தக் கூரைக்குக் கீழே நாளின் மிகக் கெட்ட காற்று. அந்த விஷத்தைக் காட்டித்தான், இதுதான் ஒன்றுமில்லாதது என்று அவள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

“இன்னாம்மா, மூஞ்சி வெளுத்துப்போச்சு? சாப்டியா?”

“சாப்ட்டேன்க்கா.”

பாஞ்சாலியின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. பாஞ்சாலியின் புருஷன் ஆதிகேசவன் பதினோரு வருஷம் அந்த மூன்றாம் உலையில் வேலை செய்தவர். நவம்பர் கடைசியில் ஒருநாள் விடியற்காலை, கூடையைத் தூக்கப் போனவர் தள்ளாடினார், நாக்குக் குழறியது, அப்படியே சரிந்து விழுந்தார். ஒரு காலத்தில் குடித்தவர்தான். விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. ரகுராம் வந்து பார்த்தார். மூக்குப் பேனல் பன்னிரண்டு காட்டியது. அப்புறம் என்ன? குடித்துவிட்டு வேலைக்கு வந்ததற்காக நீக்கம் என்று நோட்டீஸ் போர்டில் ஆதிகேசவன் பெயரைப் போட்டுக் காகிதம் ஒட்டினார்கள். தன் கண்ணால் தள்ளாட்டத்தைப் பார்த்த பாஞ்சாலியே அதை நம்பினாள். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை.

சாயங்காலம் சங்கமித்ரா நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஆதிகேசவன் வீட்டு வாசலில் போய் நின்றாள். மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு வந்து, தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார் அவர்.

“வாம்மா. உத்தமன் நல்லாக் கீறானா?”

“நல்லாக் கீறாருண்ணே. அன்னிக்கு... விழுந்தீங்களே, அன்னிக்கு எப்படி இருந்துச்சு?”

“தலை கிர்ருனு சுத்திச்சு. கால் என் பேச்சைக் கேக்கல. வேற இன்னா சொல்றது? யார் நம்பப் போறா?” எண்ணெய்க் கிண்ணத்தை மூடினார். தெருவைப் பார்த்தார். “கம்பெனியாண்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. தெனம் மூட்டையைத் தூக்கறப்பல்லாம் நெனைச்சுக்கறேன். வாய் வர்ல.” கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். “சரி வுடு. உள்ள வா, காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் போ.”

அவர் என்ன கேட்க நினைக்கிறார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தன் தப்பை அங்கேயே சொல்ல வேண்டியிருக்கும். சொல்லத் துணிவில்லாமல் எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் உத்தமன் ராத்திரி ஷிஃப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் வாசற்படியிலேயே நின்றபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அவன் கை பாதியில் நின்றது.

“அப்போ ஆதி அண்ணன் குடிக்கல.”

“குடிக்கல.”

“என் தலைவலியும்...”

“ஆமா.”

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கட்டிலில் உட்கார்ந்து, “மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம் மித்ரா. உன் பேர் வெளிய வர வேணாம்,” என்றான்.

“மிஷின் கெடல. நான் சொல்லிக்குடுத்ததை அப்படியே ஒப்பிச்சுது. நீ இன்னிக்கு வேலைக்குப் போவாத.”

“நான் ஒருத்தன் லீவு போட்டா அங்க காத்து நல்லாயிடுமா? மஞ்சு கீறான், இன்னும் நாலு பேர் கீறாங்க.” எழுந்து அவள் தலையை ஒரு தட்டுத் தட்டினான். “ஷட்டருக்கு அடியில ரெண்டு செங்கல் வச்சுடறேன். நீ தூங்கு.”

அவள் தூங்கவில்லை. படுப்பதும் எழுவதுமாக, தண்ணீர் குடிப்பதும் கதவைத் திறந்து பார்ப்பதுமாக அந்த இரவைக் கழித்தாள். மறுநாள் காலை அவன் சைக்கிள் மணி கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

அதே காலை ரகுராமின் அறைக்குப் போனாள். அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். பிறகு தாள் கட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் போட்டார்.

“இதுல கையெழுத்து யாருது?”

“என்னுது சார்.”

“பதிமூணு வாரம். எல்லாத்துலயும் சரியா இருக்குன்னு நீதான் எழுதியிருக்கே. நான் வாயால சொன்னதுக்கு எங்க ஆதாரம்?”

“ஆதாரம் கேக்க வரல சார். சுத்தக் காத்து சிலிண்டர் ஒண்ணு வேணும். அலாரத்தைப் பழைய அளவுக்கு வைக்கணும்.”

“வருஷக் கடைசி. ஆர்டர் தலைக்கு மேல நிக்குது. நூறுல வச்சா தினம் சைரன் அடிக்கும், தினம் கேஸ் நிக்கும், தினம் ஒரு லோடு பாழாகும். ஜனவரியில பாக்கலாம்.”

“ஜனவரி வரைக்கும் அவங்க மூச்சு விடாம இருக்கணுமா சார்?”

ரகுராம் இப்போதுதான் தலையைத் தூக்கினார். குரல் மட்டும் கனிவாக இருந்தது. “லுக் சங்கமித்ரா. நீ ஸ்டாஃப். அவங்க லேபர். உன் புருஷன் அங்க இருக்கான்னு குழப்பிக்காதே. இது வெளிய போனா முதல்ல போறது உன் வேலைதான். அப்புறம் போலீஸ் வந்தா உன் கையெழுத்தைத்தான் பாக்கும். போ.”

அவள் வெளியே வந்தாள். பயம் பாதி, ஆத்திரம் பாதி. அந்த வாரம் முழுவதும் எந்த வேலையிலும் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. ராத்திரிகளில் செங்கல்லை யாரோ எடுத்துவிடுவதும் உத்தமன் திரும்ப வைப்பதுமாகப் போனது.

சனிக்கிழமை சாயங்காலம் பஞ்சர் கடையிலிருந்து லாரி டியூப் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான் உத்தமன்.

“உனக்குச் சுத்தக் காத்துதான வேணும்? விலைக்கு வாங்க மாட்டேங்கறாங்க. புடிச்சுனு வந்துடலாம்.”

அவள் அவனையும் டியூபையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, கிழக்கு வெளுக்கும்போது அவர்கள் சாங்கி ஏரிக்கரையில் இருந்தார்கள். சைக்கிளை அவன் மிதிக்க, பின்னால் அவள் மடியில் டியூபும் கையில் பம்புமாக உட்கார்ந்து வந்தாள். ஏரியின் மேல் பனி கிடந்தது. ஒரு வண்டிச் சத்தம் இல்லை. புடவைமேல் ஸ்வெட்டர் போட்ட அம்மாள்களும் குரங்குக் குல்லாய் போட்ட பெரியவர்களும் வேகவேகமாக நடந்துபோனார்கள். அந்த நடையாளர்களுக்கு நடுவில், புல்லில் மண்டியிட்டு உத்தமன் பம்பு அடித்தான். சங்கமித்ரா டியூபின் வாயைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு பெரியவர் நின்றார். “தம்பி, டியூபைப் போட்டு ஏரியில நீந்தறதுக்கா? அலோ பண்ண மாட்டாங்க.”

“இல்ல சார். காத்து புடிக்க வந்தோம்.”

“காத்தா?”

“எங்க ஊட்ல காத்து சரியில்ல சார்.”

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். உத்தமன் மூச்சிரைக்கச் சிரித்தான். பனியில் அவன் விட்ட மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. கன்னம் ஒட்டிப்போன அந்த முகத்தை அவள் பார்த்தாள். ஒவ்வொரு ராத்திரியும் என் எண்ணை நம்பித்தானே இவன் அந்தக் குழிக்குப் பக்கத்தில் நிற்கிறான் என்று நினைத்தபோது கண் முட்டியது.

“நான் எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன்,” என்றாள். “வேலை போனாப் போகட்டும்.”

அவன் பம்பை நிறுத்தவில்லை. “சொல்லு. வாடகைக்கு நான் மூட்டை தூக்கறேன். இன்னும் கொஞ்சம் அடிக்கணும், புடி.”

அன்று பகல் முழுக்க அந்த டியூப், வீட்டுக்கு வந்த பெரிய விருந்தாளி மாதிரி ஒற்றை அறையில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. சாப்பிடும்போது சுற்றிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை. அந்த வாரம் உத்தமனுக்கு முதல் ஷிஃப்ட். ஐந்தே முக்காலுக்கு இருவரும் டியூபைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தார்கள். ராத்திரி ஷிஃப்ட் இன்னும் கலையவில்லை. காலை ஷிஃப்ட் வந்துகொண்டிருந்தது. ஷட்டர்கள் இறங்கியிருந்தன. செங்கல்லைக் காணோம்.

“குரு, லாரி எங்கப்பா?” என்று உத்தமனைக் கேட்டான் மஞ்சுநாத். ராத்திரி ஷிஃப்ட் முடித்த அவன் கண் சிவந்திருந்தது.

சங்கமித்ரா நேராகப் பேனலுக்குப் போனாள். பேனலைத் திறந்து இரண்டு ஸ்க்ரூவையும் பின்னுக்குத் திருப்பினாள். எழுபது முப்பத்தைந்தாயிற்று. இருநூறு நூறாயிற்று. பிறகு முதல் மூக்குக்கு மூடி போட்டு, டியூபின் வாயிலிருந்து மெல்லிய குழாயை அதில் சொருகினாள். ஏரிக்காற்று உஸ்ஸென்று இறங்கியது. பேனலில் எண் சரிந்தது. மைனஸ் பத்து, இருபத்தெட்டு, நாற்பத்து மூன்று. அங்கே நின்றதும், “இதுதான் பூஜ்யம்” என்று திருத்தி வைத்தாள். சின்ன சிலிண்டரின் வாயுவைக் காட்டி அதையும் சரிபார்த்தாள். மூடியைக் கழற்றினாள். எண் தானாக ஏறி முப்பத்தொன்றில் நின்றது.

இரண்டாவது மூக்கு நாற்பத்து நான்கு காட்டியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வந்து பேனல் முன்னால் கூடினார்கள்.

மூன்றாவது, மூன்றாம் உலைக்கு நேராகத் தூணில் இருந்தது. மூடியைக் கழற்றியதும் எண் நிற்காமல் ஏறியது. ஐம்பது. எண்பது. தொண்ணூற்றேழு. நூற்றுப்பதினாறு.

சைரன் அலறியது. வாயுக் குழாயின் வால்வு டபக்கென்று மூடிக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மாதக்கணக்கானதால் எல்லோரும் அசையாமல் நின்றார்கள்.

“மேடம், நெஜமாவா, சும்னே வெளையாட்டுக்கா?” என்று கத்தினான் மஞ்சுநாத்.

“நெஜம். எல்லாரும் வெளிய போங்க.” அவள் குரல் சைரனுக்கு மேலே எழும்பியது. “மூணு மாசமா நான் கெட்ட காத்தை நல்ல காத்துன்னு வச்சுட்டேன். அலாரத்தையும் நான்தான் ஏத்தி வச்சேன். மேனேஜர் சொன்னாரு, நான் செஞ்சேன். உங்களுக்குத் தலைவலி வந்தது அதாலதான். ஆதி அண்ணன் விழுந்ததும் அதாலதான்.”

வெளியே, கேட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் குளிரில் நின்றார்கள். யாரும் அவள் பக்கத்தில் வரவில்லை. ஒருவன், “படிச்சவங்கன்னு நம்பினோமே,” என்று தரையில் காறித் துப்பினான். உத்தமன் முன்னால் போகப் பார்த்தான். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்த வார்த்தை தனக்கு வர வேண்டியதுதான் என்று நின்றாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாஞ்சாலி வந்தாள்.

“அவரு குடிக்கலியா?”

“இல்லக்கா.”

பாஞ்சாலி கை ஓங்கினாள். அடி விழுமென்று சங்கமித்ரா கண்ணை மூடிக்கொண்டாள். ஓங்கிய கையால் பாஞ்சாலி தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். “பாவி, ஒரு மாசமா அந்த மனுசன் மூஞ்சியை நான் பாக்கலியே! நீயாவது சொல்லிட்ட. கட்டினவ, நான் நம்பலியே!” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரிலிருந்த டீக்கடைக்கு ஓடினாள். அங்கிருந்த ஒரு ரூபாய் போனில், தெருமுனைக் கடைக்குப் பேசினாள். “எங்க வூட்டுக்காரரைக் கூப்புடுங்கண்ணா. நான்தான் வரச் சொன்னேன்னு சொல்லுங்க.”

ரகுராம் ஓட்டமும் நடையுமாக வந்தார். “யாரைக் கேட்டு வெளிய வந்தீங்க? மூணு லோடு உள்ள வேகுது! பத்து நிமிஷத்துல உள்ள போகணும்.”

“சைரன் நிக்கட்டும் சார், போறோம்,” என்றான் மஞ்சுநாத்.

“சைரனை நான் ஆஃப் பண்றேன்.”

“உங்களால சைரனைத்தான் ஆஃப் பண்ண முடியும். காத்தை எப்படி ஆஃப் பண்ணுவீங்க? வாங்க, நீங்களும் எங்களோட மூணாம் நம்பர்கிட்ட அரைமணி நில்லுங்க. அப்புறம் போறோம்.”

ரகுராம் உள்ளே போகவில்லை. ஆபீசுக்குப் போய் முதலாளிக்குப் போன் போட்டார்.

ஏழரை மணிக்கு முதலாளி வெங்கடராமன் மல்லேஸ்வரத்திலிருந்து காரில் வந்து இறங்கினார். கோபித்துப் பேசத் தெரியாதவர் என்று பெயர் எடுத்தவர். தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். ரகுராம் காதில் சொன்னதைக் கேட்டார். பிறகு சங்கமித்ராவிடம் வந்தார்.

“தப்பு நடந்தது உன்னாலன்னு நீயே சொன்னியாமே?”

“ஆமா சார்.”

“நல்ல பொண்ணு. நேர்மையா ஒத்துண்டே. ராஜினாமா எழுதிக் குடு, போலீசு கீலீசுன்னு நான் போகல.” கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “கேட்டேளாப்பா? தப்பு பண்ணவா போறா. வேற ஆளைப் போட்டுடறேன். எழுந்திருங்கோ, வேலையைப் பாருங்கோ.”

யாரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் முன்னால் துப்பிய அதே ஆள் முதலில் பேசினான். “அவங்க போனா, நாளைக்கு எங்களுக்கு யார் சார் நெசத்தைச் சொல்றது?”

மஞ்சுநாத் எழுந்தான். “அவங்க பண்ணது தப்புதான் சார். எங்க எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டாங்க. இன்னொருத்தர் ஒத்துக்கணும்னு வெய்ட் பண்றோம்.” ரகுராமைப் பார்த்தான். “அவங்க எங்க ஆளு. அவங்களை எடுத்தா நாங்க நாப்பது பேரும் உள்ள வர மாட்டோம். சுத்தக் காத்து சிலிண்டர் வரணும். அலாரம் பழைய அளவுல இருக்கணும். அதைத் திருப்பறப்ப எங்க ஆள் ஒருத்தர் கூட நிக்கணும். ஷட்டர் ராத்திரியும் தொறந்திருக்கணும்.”

“குளிருமேப்பா.”

“போத்திக்கறோம் சார்.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எங்கிருந்தோ ஒரு டீ கிளாஸ் சங்கமித்ராவின் கைக்கு வந்தது. பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் தொழிலாளிகளோடு தரையில் உட்கார்ந்தாள். சூடான கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அப்போது பஸ் நிறுத்தத்திலிருந்து ஆதிகேசவன் வந்துகொண்டிருந்தார். மூட்டை தூக்கும் காக்கிச் சட்டை. தோளில் சாக்குத் துணுக்கு. பாஞ்சாலி எதிரே ஓடி, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கூட்டத்தைப் பார்த்தார். மூடிய ஷட்டரைப் பார்த்தார். உத்தமன் அவர் அருகில் போய் நான்கு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னான்.

வெங்கடராமன் சட்டென்று முகம் மலர்ந்தார். இது சுலபமான வழி என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். “வாங்கோ ஆதிகேசவன். உங்களுக்கு அநியாயம் நடந்துபோச்சு. இன்னிக்கே, இந்த நிமிஷமே வேலையில சேந்துக்குங்கோ. மூத்தவரா, நீங்களே இவங்களை உள்ள கூட்டிண்டு போங்கோ. வேற என்ன வேணும், சொல்லுங்கோ?”

நாற்பது பேரும் ஆதிகேசவனைப் பார்த்தார்கள். அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தால் அந்த வீட்டு அடுப்பு எரியும். அவர் ஒருவர் உள்ளே போனால் இந்த வரிசை உடையும். சங்கமித்ராவின் கையில் டீ ஆறியது.

ஆதிகேசவன் சாக்குத் துணுக்கைத் தோளிலிருந்து எடுத்து மடித்தார். மண்ணில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் போய், மஞ்சுநாத் பக்கத்தில் அதை விரித்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. பாஞ்சாலி அவர் முதுகில் கை வைத்தாள்.

“வேலை அப்புறம் சார். எல்லாரோடயும் வரேன்,” என்றார் அவர். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். குடிச்சுட்டு வந்தேன்னு என் பேரைப் போட்டு போர்டுல ஒட்டினீங்க. அதே போர்டுல, அவன் குடிக்கலன்னு உங்க கையால எழுதி ஒட்டுங்க சார்.”